பத்துப் பேர் தேவைப்பட்ட ஜெபம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து மழையும் தொடங்கியிருந்த சமயம், அம்மாவின் தம்பி திருவனந்தபுரத்தில் சாக்கை என்ற இடத்து பைபாஸில் பைக்கோடு விழுந்து இறந்தார். நான் மாமா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்.

2. அவர் ஞானஸ்நானம் எடுத்திருக்கவில்லை. அடக்க ஆராதனையில் பாஸ்டர் அதைச் சொன்னார்.

3. சபையின் வருடாந்தரக் கூட்டமான டிசம்பர் கன்வென்ஷனில் அம்மா தன் தம்பியைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சபை மூப்பர் கேட்டார். அம்மா சரி என்றாள்.

4. எங்கள் மாடியில் குடியிருந்த ஆன்ட்டி யூதர். அவருடைய அப்பாவின் நினைவு நாளுக்கு அம்மா பத்து ஆண்களைக் கூட்டி வந்தாள்.

5. கன்வென்ஷனின் கடைசி நாள் அம்மா மேடையேறினாள்.

ஐந்தாவதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்வரிசையில் பாய் விரித்திருந்தார்கள். அம்மாவிடம் படித்த நாம் அதில்தான் இருந்தோம். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள்: டீச்சர் பாவம், அன்றைக்குச் சொல்ல வந்ததையே மறந்துபோய் நின்றார்கள் என்று. பலர் அதற்குக் கீழே கைகூப்பிய படம் போட்டிருந்தீர்கள். மற்ற நான்கும் உங்களுக்குத் தெரியாது, அல்லது அரைகுறையாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா எதையும் மறக்கவில்லை.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் எனக்கு வேலை, மென்பொருளைச் சோதிப்பது. ஒரு பிழையைப் பதியும்போது எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று தனித்தனியே எழுத வேண்டும். அம்மா மேடையேறிய நாளை அப்படிப் பலமுறை மனதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அதைப் பிழை என்ற தலைப்பில் போட எனக்கு ஒருமுறையும் முடிந்ததில்லை.

குமாரபுரத்தில் எங்கள் வீடு சரிவில் இருந்தது. கீழே நாங்கள், மேலே ஆன்ட்டி. கொச்சிக்காரர். அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவருடைய ஆட்கள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அவருடைய அப்பா மட்டும் மனைவியின் கல்லறையை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். அப்பாவுக்காக மகளும் இருந்துவிட்டார். செக்ரட்டேரியட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்துத் திருவனந்தபுரம் வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் திரும்பவில்லை. தெருவின் தமிழைக் கேட்டுக் கேட்டு மலையாளமும் தமிழும் கலந்து ஒரு பேச்சு பேசுவார். அம்மா அவரைச் சேச்சி என்பாள். அவர் அம்மாவை டீச்சரே என்பார். உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

மாடி அறையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் இறைச்சி சமைக்க மட்டும் என்று தனியாக வைத்த பாத்திரங்கள். அவர்கள் முறைப்படி அறுக்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் கிடையாது. அதனால் அவர் இறைச்சி தின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பாத்திரங்களை எடுத்துத் தேய்த்துக் காயவைத்துத் திரும்ப அடுக்குவார். விழிஞ்ஞத்திலிருந்து வரும் மீன்காரி கணவாயை எங்களுக்கும் செதிலுள்ள மீனை அவருக்கும் பிரித்துப் போடுவாள். “மேலத்தட்டுக்கு உடுப்பு இட்ட மீனு” என்பாள். செதில்தான் உடுப்பு.

காலையில் பத்திரிகை முதலில் மேலே போகும். பிறகு கீழே வரும். கொடுக்கும்போது ஆன்ட்டி படிக்கட்டிலிருந்தே சொல்வார்: “டீச்சரே, இன்னைக்கும் பத்திரத்தில் இல்ல. மேசியா வந்திட்டில்ல.”

“வந்திட்டுப் போயாச்சு சேச்சி. உங்க ஆளுதான் வந்தார். உங்க ஆளுதான் எழுதியும் வச்சார்.”

“எங்க ஆளு தான். எங்க கிட்ட ஒரு வாக்குக் கேக்காம நீங்க கொண்டு போயாச்சு.”

இது பெரும்பாலும் சிரிப்பாகவே நடக்கும். சில நாள் நீளும். வந்தவர் மேசியா என்றால் சண்டை நின்றிருக்க வேண்டுமே, சிதறிப்போன ஜனம் கூடியிருக்க வேண்டுமே என்று ஆன்ட்டி கேட்பார். அதெல்லாம் இரண்டாம் வருகையில் என்பாள் அம்மா. பழைய ஏற்பாட்டில் பாடுபடுகிற ஊழியக்காரனைப் பற்றிய அதிகாரத்தைத் திறந்து, இது யாராக்கும் என்று கேட்பாள். அது எங்கள் ஜனத்தைப் பற்றி எழுதியது, அடிபட்டவர்கள் நாங்கள்தானே என்பார் ஆன்ட்டி. அம்மா இளஞ்சிவப்பு நிறக் கைப்பிரதிகளை வாரம் ஒன்று மேலே கொடுத்து அனுப்புவாள். அவர் அவற்றைக் கிழிக்காமல் அடுக்கி வைத்திருந்தார். எழுதியிருப்பதில் கடவுளின் பெயர் வருகிறது, குப்பையில் போடக் கூடாது என்றார்.

நம் சபையில் பெரியவர்கள் சந்தித்துக்கொள்ளும்போது என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். இரட்சிக்கப்பட்டாச்சா, எந்தத் தேதி? அம்மாவுக்குத் தேதி உண்டு, கிழமை உண்டு, அன்று பாடிய பாட்டு உண்டு. ஆன்ட்டியால் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை. “ஞங்க ஒற்றைக்கு ரட்சப்படுறதில்ல டீச்சரே. எகிப்திலேர்ந்து வந்தப்பவும் கூட்டமாத்தான் வந்தோம்” என்றார் ஒருமுறை. அவருக்காக அம்மா தினமும் ஜெபித்தாள் என்பது எனக்குத் தெரியும். குடும்ப ஜெபத்தில் அப்பாவின் சம்பள உயர்வுக்குப் பிறகு, என் பரீட்சைக்கு முன்பு, மாடி ஆன்ட்டியின் இரட்சிப்பு வரும். மாமாவின் இரட்சிப்பு எல்லாவற்றுக்கும் முன்பு வரும்.

மாமா சாக்கையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எங்களோடுதான் இருந்தார். பெட்ரோல் வாசனையும் அதைப் போக்கப் போட்ட ஆரஞ்சு சோப்பு வாசனையும் சேர்ந்து அவர் வாசனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி ஓய்வுநாள் விளக்கேற்றிய பிறகு எந்த ஸ்விட்சையும் தொடமாட்டார் என்பதால், அதற்கு முன்பே மாடி மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிறைத்துவிட்டுத்தான் மாமா குளிப்பார். ஒவ்வொரு கன்வென்ஷனுக்கும் அம்மா அவரை ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடுவாள். “தண்ணி குளிருது அக்கா. சபைக்காரங்க கீசர் வைக்கட்டு, முதல் ஆளா இறங்குறேன்” என்பார். இறப்பதற்கு முந்தின கன்வென்ஷனில் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த டிசம்பரில் பார்க்கலாம் என்றார். அம்மா அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். ஜூனில் அவர் போய்விட்டார்.

மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் மூப்பர் அம்மாவிடம் கேட்டார்: கடைசியில் வாயைத் திறந்து ஏதாவது அறிக்கை செய்தாரா? ஒரு வார்த்தை போதும், ஆண்டவரே என்றால்கூடப் போதும். கடைசி நேரத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் அம்மா. ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. அம்மா இல்லை என்றாள். தண்ணீர் கேட்டான், பைக்கை யார் எடுத்து வைத்தார்கள் என்று கேட்டான், அவ்வளவுதான் என்றாள். அப்போது அது எனக்குச் சாதாரணமாகப் பட்டது. அந்த ஒரு பொய்யை அவள் சொல்லியிருந்தால் இதற்குப் பிறகு எதுவும் நடந்திருக்காது என்று இப்போது தெரிகிறது.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் பைபிளில் வரும் பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பற்றிப் பேசினார். எண்ணெய் வாங்கப் போனபோது கதவு அடைபட்டது, உள்ளே வந்தவர் வந்தார், வெளியே நின்றவர் நின்றார். இந்த வாலிபனைப் பார்த்து மற்ற வாலிபர்கள் பயப்பட வேண்டும் என்றார். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அதை நம்பினார், அழுதுகொண்டேதான் பேசினார். அம்மாவும் நம்பினாள். கஷ்டமே அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது ஆன்ட்டி ஒரு பாத்திரம் நிறைய அவித்த முட்டை கொண்டு வந்தார். அவர்களிடத்தில் துக்கக்காரர் முதல் சாப்பாட்டைத் தன் கையால் சமைக்கக் கூடாதாம், அயல்காரர்தான் தர வேண்டுமாம். சபைப் பெண்கள் கொண்டுவந்த கஞ்சிக்கும் பயறுக்கும் நடுவில் அந்த முட்டைகள் விசித்திரமாக இருந்தன. ஆன்ட்டி தரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா முதலில் பேசினால்தான் பேச வேண்டும் என்பதும் அவர்கள் முறையாம். அம்மா பேசவில்லை. விளக்குப் போடும் நேரம்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அதன்பிறகு அம்மா சபையில் பாட்டுப் பாடவில்லை. வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தது. பட்டியலில் முதலில் வரும் பெயரை எடுத்துவிட்டாள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் இல்லை. நியாயத்தீர்ப்பு முடிந்துவிட்ட ஒருவருக்காக எதைக் கேட்பது? பெயரைச் சொல்ல வந்து, நிறுத்தி, அடுத்ததுக்குப் போவாள். அந்த இடைவெளி நாள்தோறும் அதே இடத்தில் வந்தது. அப்பா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்.

ஓணம் விடுமுறையில் மூப்பர் வந்தார். கன்வென்ஷனில் இந்த முறை வாலிபர்களுக்கு ஒரு நாள் என்று சொன்னார். ஞாயிறு பள்ளி டீச்சர், எல்லோரும் மதிக்கிற சகோதரி, எழுந்து நின்று, என் தம்பி இரட்சிக்கப்படாமல் போனான், நீங்கள் அப்படிப் போகாதீர்கள் என்று சொன்னால் எத்தனை ஆத்துமாக்கள் திரும்பும்? அந்தச் சாவு வீணாகாமல் இருக்கும் என்றார். கடைசி வாக்கியம்தான் அம்மாவைப் பிடித்தது என்று நினைக்கிறேன். சரி என்றாள்.

பிறகு ஐப்பசியில் துலாமாத மழை வந்தது. ஒரு காலையில் ஆன்ட்டி படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு கண்ணாடித் தம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டாள். நாளை சாயங்காலம் அப்பாவுடைய நினைவு நாள் தொடங்குகிறது, விளக்கு வைப்பேன், கதீஷ் என்று ஒரு ஜெபம் உண்டு, அதற்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும், இந்த ஊரில் பத்துக்கு எங்கே போவது என்று சொன்னார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அம்மா ஆன்ட்டியின் தனிமைக்கு இத்தனை வருஷமும் ஒரே காரணம்தான் வைத்திருந்தாள். அவருக்கு இயேசு இல்லை. இப்போது அவருக்கு இல்லாதது பத்து ஆண்கள் என்று தெரிந்தது. அது அம்மாவால் முடிகிற காரியம். இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்பது நம் கணக்கு. பத்து என்றால் குடும்ப ஜெபக் குழுவே இருக்கிறது. எந்தப் பத்து என்று அவள் கேட்கவில்லை. பத்து ஆண்கள் ஜெபத்துக்கு வருவதில் எந்தப் பத்து என்று ஒரு கேள்வி இருக்க முடியும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மதியம் முழுக்கப் போனில் இருந்தாள். ஒன்பது பேர் கிடைத்தார்கள். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் அவரையும் எண்ணினாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வெள்ளைச் சட்டையும் வேதப்புத்தகமுமாகப் பத்துப் பேர் எங்கள் படிக்கட்டில் ஏறினார்கள். குடைகள் கீழே வரிசையாகச் சாய்ந்து தண்ணீர் வடித்தன. மூப்பர் முன்னால். அப்பா கடைசியில், காலில் சாக்ஸோடு. அம்மாவும் நானும் பின்னால் போனோம். அம்மாவின் முகத்தில் ஜூனுக்குப் பிறகு அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

ஆன்ட்டி கதவைத் திறந்தார். மேசையில் தம்ளர் இருந்தது. அடியில் தண்ணீர், மேலே தேங்காயெண்ணெய், நடுவில் திரி. அப்போதுதான் ஏற்றியிருந்தார்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர். பத்துப் பேர் தெகஞ்சிருக்கோம்” என்றார் மூப்பர்.

ஆன்ட்டி ஒவ்வொருவராகப் பார்த்தார். உதட்டை அசைத்து எண்ணினார் என்றுகூட நினைக்கிறேன். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“டீச்சரே, இந்தப் பத்து இல்ல வேண்டியது.”

அம்மாவுக்குப் புரியவில்லை. மூப்பருக்குப் புரிந்தது. யூதர்தான் வேண்டும் என்கிறீர்களா என்று கேட்டார். பதில் வருவதற்குள் அவரே சொன்னார்: “நாங்களும் இஸ்ரவேல்தான் சிஸ்டர். ஆவிக்குரிய இஸ்ரவேல். வாக்குத்தத்தம் இப்போ எங்களுக்காக்கும்.”

“ஆயிக்கோட்டே” என்றார் ஆன்ட்டி. ஆகட்டும் என்று அர்த்தம். “அப்போ ஆவிக்குரிய இஸ்ரவேலுக்குச் சாய எடுக்கட்டா?”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். மூப்பர் சிரிக்கவில்லை. அவர் விளக்கைப் பார்த்துவிட்டார். நம் வீடுகளில் எண்ணெய் விளக்கு வைப்பதைப் பற்றிப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மரித்தவருக்கு விளக்கா, வேதத்தில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டார். ஓர்மைக்கு என்றார் ஆன்ட்டி, நினைவுக்காக. சாயாவுக்குத் தண்ணீர் வைத்தார். கருஞ்சாயா, எல்லோருக்கும் போதாத தம்ளர்கள், இரண்டு முறையாகக் குடித்தார்கள். மூவர் குடிக்கவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா மட்டும் விளக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் அப்பா எப்படிப்பட்ட மனுஷன் என்று கேட்டார்.

“கோபக்காரன். ஊறுகாய் இல்லாம உண்ணமாட்டான்” என்றார் ஆன்ட்டி.

“அப்போ நல்ல மனுஷன்” என்றார் தாத்தா.

இறங்கும்போது மூப்பர் படிக்கட்டில் அம்மாவை நிறுத்தினார். சத்தமாகப் பேசவில்லை. துக்கத்தில் இருக்கும்போது சத்துரு இப்படித்தான் வருவான், இதையும் சாட்சியில் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். அப்பா குடைகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு, வாடகைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டி வரும்போல இருக்கிறதே என்றார்.

அடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்தபோது மழை விடவில்லை, கரண்டும் இல்லை. அம்மா மாடிக்குப் போனாள். நான் மேல்படியில் உட்கார்ந்து மலையாளப் பாடத்தைக் காப்பி எழுதினேன். கதவு திறந்திருந்தது. தம்ளரில் திரி அணைந்திருந்தது. எண்ணெய் வாசனை அறையில் நின்றது.

அறியாமல் செய்தது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள் அம்மா. பொறுத்தாயிற்று என்றார் ஆன்ட்டி. கொச்சியிலும் இப்போது பத்து தெகையாது, சுற்றுலாவுக்கு வருகிறவர்களில் யூதர் இருந்தால் அவர்களை வழியில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எண்ணிக்கையைத் தேற்றுவார்கள் என்று சொன்னார். அப்பா இறந்த வருஷம் அதற்கும் ஆள் இல்லை. ஒருநாள்கூடச் சொல்ல முடியவில்லை.

“சேச்சி, அந்த ஜெபத்த என் தம்பிக்குச் சொல்ல ஒக்குமா?”

“இல்ல.”

உடனே சொல்லிவிட்டார். பிறகு குரல் இறங்கியது. “டீச்சர் எத்தன வருஷமா என்னை ரட்சிக்க நடக்குறா. இப்போ தம்பிய ரட்சிக்க எண்ட கிட்ட வர்றா. எங்களுக்கு அந்த வேல கிடையாது. அது அவன்ற வேல.” அவன் என்று கடவுளைச் சொன்னார்.

அவன் எங்கே இருப்பான் என்று அம்மா கேட்டாள். இந்த அவன் மாமா. எனக்கு அறியாது என்றார் ஆன்ட்டி. உங்களுக்கும் அறியாது. ஆனால் எங்கள் பெரியவர்கள் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள்: எவ்வளவு கெட்டவனுக்கும் தண்டனை பன்னிரண்டு மாதம்தான். அதற்கு மேல் இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிள்ளை அந்த ஜெபத்தைப் பதினொரு மாதம் சொல்லுவான். பன்னிரண்டும் சொன்னால் தன் அப்பன் அவ்வளவு கெட்டவன் என்று தானே சொன்னதாகிவிடும். அதனால் ஒரு மாதம் குறைத்துக்கொள்வோம்.

அம்மா அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கின, ஒன்று நம்முடையது, ஒன்று இஸ்ரேலிலிருந்து உறவினர் அனுப்பியது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“பன்னிரண்டு மாசத்துல முடியுற நரகம் எங்களுக்கு இல்ல சேச்சி. இருந்தா நல்லாருக்கும். இல்ல.”

ஆன்ட்டி வாதாடவில்லை. அன்று அவர் வாதாடாததை நான் கவனித்தேன். அம்மா நம்பாத ஒன்றை ஆறுதலுக்காக எடுத்துக்கொள்ளமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரும் அப்படித்தான்; இல்லாவிட்டால் அந்தப் பத்துப் பேரை வைத்தே ஜெபத்தை முடித்திருப்பார்.

எழுந்திருக்கும்போது அம்மா கேட்டாள், அந்த ஜெபத்தில் செத்தவரைப் பற்றி என்ன வரும் என்று. சும்மா கேட்டதுபோலத்தான் இருந்தது.

“ஒண்ணும் வராது. செத்தவன்ற பேரு வராது, சாவுன்னு ஒரு வாக்கு வராது. தேவன் பெரியவன், அவன்ற நாமம் பெரிது, அவ்வளவுதான். ஆளைப் புதைச்சவன் எழுந்து நின்னு, நாலு பேர் கேக்க அதச் சொல்லணும். கேக்குறவங்க ஆமேன் சொல்லணும். பத்துப்பேரு அதுக்காக்கும்.”

“வேற ஒண்ணும் சொல்லாண்டாமா?”

“வேற என்னத்த அறியும் நமக்கு?”

அம்மா கீழே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

கன்வென்ஷன் பந்தலை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. தார்ப்பாய், மரத்தூள் தூவிய தரை, ஜெனரேட்டர் சத்தம். நம் சபையில் பாதித் தமிழ், பாதி மலையாளம் என்பதால் மேடையில் யார் பேசினாலும் பக்கத்தில் ஒரு பிரதர் நின்று வாக்கியம் வாக்கியமாக மலையாளத்தில் சொல்வாரே, நாம் அவரை எதிரொலி என்று கூப்பிடுவோமே. அன்று அம்மாவுக்குப் பக்கத்திலும் அவர்தான். மூப்பர் முன்னுரை சொல்லிவிட்டார். நம் சகோதரி ஜூன் மாதம் அடைந்த இழப்பு, அந்த வாலிபன் தள்ளிப்போட்ட நாட்கள், இனி சகோதரியே சொல்லுவார்கள்.

அம்மா சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை.

“என் தம்பி ஜூன் மாசம் மரிச்சான்” என்றாள்.

எதிரொலி அதைச் சொன்னார்.

பிறகு அம்மா நின்றாள். நீங்கள் மறதி என்று நினைவு வைத்திருப்பது அந்த நேரத்தைத்தான். எதிரொலி அவள் வாயையே பார்த்துக்கொண்டு மைக்கைப் பிடித்திருந்தார். மூப்பர் நாற்காலியில் முன்னால் குனிந்தார், சொல்லுங்க சிஸ்டர் என்பதுபோல. முன்வரிசையில் நம்மில் ஒருவன் சிரித்தான், ஒருத்தி அவனைக் கிள்ளினாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். சொல்ல வேண்டியிருந்த வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக அவள் அடுப்படியில் அதைச் சொல்லிப் பார்த்ததைக் கேட்டிருந்தேன்.

“ஆண்டவர் பெரியவர்” என்றாள் அம்மா.

எதிரொலிக்கு நிம்மதி. உரக்கச் சொன்னார். பந்தல் ஆமேன் என்றது.

“அவர் உண்டாக்கின உலகம் அவருக்குத் தெரியும். அதுல இருக்கவங்களையும், போனவங்களையும் அவருக்குத் தெரியும். அவர் நாமம் பெரியது.”

ஆமேன்.

“அவர் நாமம் பெரியது” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு இறங்கி வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். தன் தம்பி இரட்சிக்கப்பட்டான் என்று அம்மா சொல்லவில்லை. கெட்டுப்போனான் என்றும் சொல்லவில்லை. மெடிக்கல் காலேஜ் வராந்தாவிலும் அவள் தெரிந்ததை மட்டும்தான் சொன்னாள், மேடையிலும் அப்படித்தான்.

மறுநாள் காலை பத்திரிகை வாங்க நான்தான் மேலே போனேன். ஆன்ட்டி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கன்வென்ஷனுக்கு வரவில்லை, வந்திருக்கவும் மாட்டார். பந்தலின் ஒலிபெருக்கிச் சத்தம் குமாரபுரம் முழுக்கக் கேட்கும், ஆனால் வார்த்தைகள் புரியாது. அம்மா என்ன சொன்னாள் என்று நான் சொன்னேன்.

“ஆமேன் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“எல்லாரும் சொன்னாங்க.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். பிறகு பத்திரிகையை மடித்துத் தந்தார். அன்று மேசியாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பாடு நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், அது ஆன்ட்டியின் ஜெபமா என்று. கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை, வேலைக்குச் சேர்ந்தபின் ஒருமுறை. இரண்டு முறையும் கோபப்பட்டாள். நான் கிறிஸ்துவின் பிள்ளை, எனக்கு எதற்கு அவர்கள் ஜெபம், நான் சொன்னது சாட்சிதான் என்றாள். அவள் அப்படி நம்புகிறாள். நான் அதை மாற்றி எழுதப் போவதில்லை.

இன்றைய நிலை இது. அந்த ஜனவரியில் மூப்பர் அம்மாவைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார். ஞாயிறு பள்ளி வேறொருவருக்குப் போயிற்று, அதன்பின் உங்களுக்குப் பாடம் எடுத்தது அவர்தான். திருவிருந்தில் அம்மாவுக்குத் தடை எதுவும் வரவில்லை. இன்றும் அதே சபைக்குத்தான் போகிறாள். அப்பா வேறு ஆள் பார்க்கவில்லை. ஆன்ட்டி நான் பிளஸ் டூ படிக்கும்வரை மாடியில் இருந்தார். பிறகு, உறவினரோடு முன்பே இஸ்ரேல் போய்விட்ட தங்கையின் மகள் வந்து அங்கே கூட்டிப் போனாள், தகரப் பெட்டியும் போயிற்று. அங்கே எண்பது தாண்டி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவும் அவரும் போனில் பேசுவார்கள். அங்கே சண்டை என்று செய்தி வந்தால் அம்மா நாளில் மூன்று முறை கூப்பிடுவாள். ஆன்ட்டியின் இரட்சிப்புக்காக இன்னும் ஜெபிக்கிறாள். ஆன்ட்டி அதைத் தெரிந்துகொண்டே நலம் விசாரிக்கிறார். இருவரில் யாரும் அரை அடி நகரவில்லை.

மாமாவின் கல்லறை சபைக் கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரம் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்தவர்களின் கல்லில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று ஒரு வரி செதுக்குவார்கள். மாமாவுக்கு அந்த வரி கிடையாது. இப்போதைய பாஸ்டர் இளைஞர்; போன வருஷம் அவரே வந்து, அந்த வரியைப் போட்டுக்கொள்ளுங்கள் சிஸ்டர், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். அம்மா நன்றி சொன்னாள், வேண்டாம் என்றாள். வேறு வசனம் ஏதாவது என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றாள். கல்லில் பெயரும் இரண்டு தேதிகளும் இருக்கின்றன. அதற்குக் கீழே கல் வெறுமையாக இருக்கிறது.